பயனிலை தெரியும் பட்டியல்: கைப்பேசித் தேடலில் தமிழின் தேவைகள்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியதாகத் தோன்றலாம். கைப்பேசியின் உலாவியைத் திறக்கிறோம். ஒரு சொல்லைத் தட்டுகிறோம். வருகின்ற பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறோம். செயல் இவ்வளவே. ஒரு நாளில் எத்தனை முறை இதைச் செய்கிறோம் என்று நம்மில் எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இச்செயலில் இரண்டு கருவிகள் பங்கு கொள்கின்றன. ஒன்று, சொல்லை உள்ளிட உதவும் விசை. மற்றொன்று, விடைகளை அடுக்கிக் காட்டும் பட்டியல். இவற்றுள் விசை தமிழ் இலக்கணத்தை ஓரளவு கற்றுக்கொண்டுவிட்டது. பட்டியல் இன்னும் கற்கவில்லை. இந்த வேறுபாட்டை விளக்குவதும், அதைக் களைய வகுப்பறையில் என்ன செய்யலாம் என்று ஆராய்வதும் இவ்வுரையின் நோக்கங்களாகும்.

ஒரு வரியின் விலை

இவ்வுரையை ஆயத்தம் செய்தபோது நாம் இரண்டு தலைப்புகளை எழுதிப் பார்த்தோம். முதலாவது, மருத்துவர் ஒருவர் எழுதக்கூடியது: ‘டெங்கிக் காய்ச்சல் கண்டவர்களுக்கு ஆஸ்பிரின் மாத்திரை கொடுக்கக் கூடாது.’ இரண்டாவது, விவரம் அறியாத ஒருவர் எழுதக்கூடியது: ‘டெங்கிக் காய்ச்சல் கண்டவர்களுக்கு ஆஸ்பிரின் மாத்திரை கொடுக்கலாம்.’ டெங்கிக் காய்ச்சலில் ஆஸ்பிரின் இரத்தக் கசிவு அபாயத்தைக் கூட்டும் என்பதால், அதைத் தவிர்க்க வேண்டும் என்பதே மருத்துவ அறிவுரை. ஆகவே முதல் தலைப்பு உயிர் காப்பது. இரண்டாவது உயிருக்கு ஊறு செய்வது.

இவ்விரண்டையும் கைப்பேசித் திரையில் ஒரு வரிக்குள் அடக்கிப் பார்த்தோம். இடம் போதாமையால் வரியின் கடைசிப் பகுதி வெட்டுப்பட்டு, மூன்று புள்ளிகள் வந்து நின்றன. இரண்டு வரிகளும் ஒன்றாகவே தோன்றின: ‘டெங்கிக் காய்ச்சல் கண்டவர்களுக்கு ஆஸ்பிரின் மாத்திரை கொடுக்க…’

மருத்துவர் சொன்னது எது, மற்றவர் சொன்னது எது என்று பிரித்தறிய ஓர் எழுத்தும் மிஞ்சவில்லை. நள்ளிரவில் காய்ச்சலோடு படுத்திருக்கும் பேரப்பிள்ளையின் அருகில் அமர்ந்து, தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த பாட்டி ஒருவர் இப்பட்டியலைப் பார்ப்பதாக எண்ணிப் பாருங்கள். அவர் தேடியது ஒரே ஒரு சொல்லைத்தான்: கூடுமா, கூடாதா? பட்டியல் அந்த ஒரு சொல்லைத்தான் மறைத்துவிட்டது.

பிற மொழிகளுக்கும் இதே இடர் நேராதா என்று நீங்கள் கேட்கலாம். நம் ஊர்ப் பொது இடங்களில் காணும் அறிவிப்புப் பலகைகளை நினைவுகூருங்கள். புகைபிடிப்பதைத் தடுக்கும் பலகையில் ஆங்கிலம் ‘நோ’ என்று தொடங்குகிறது. மலாய் ‘டிலாராங்’ என்று தொடங்குகிறது. மறுப்பு முதற்சொல்லிலேயே வந்துவிடுகிறது. தமிழோ ‘புகைபிடிக்கக் கூடாது’ என்று கடைசியில்தான் மறுக்கிறது. பலகையில் இடம் தாராளமாக இருப்பதால் அங்கே இடரில்லை. கைப்பேசிப் பட்டியலில் ஆங்கில வரி வெட்டுப்பட்டால் பெரும்பாலும் விவரம் குறைகிறது. தமிழ் வரி வெட்டுப்பட்டால் முடிவே போய்விடுகிறது.

எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்று நாம் வகுப்பில் கற்பிக்கிறோம். பயன் நிலைகொள்ளும் இடம் ஆதலின் அது பயனிலை எனப்பட்டது. ஆம், இல்லை, ஆகும், ஆகாது, நேற்று, நாளை, அவன், அவள் என்னும் அனைத்தையும் தமிழ் அந்தக் கடைசிச் சொல்லில் வைத்துக் காக்கிறது. அந்த இடத்தில் கத்தரி வைக்கும் பட்டியல், தமிழ் வாக்கியத்தின் பயனையே கத்தரிக்கிறது.

விசையும் பட்டியலும் சேர்ந்திருந்த காலம்

இந்நிலை எவ்வாறு வந்தது என்று அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். 1999 பிப்ரவரியில் ஜப்பானில் என்டிடி டோக்கோமோ நிறுவனம் ஐ-மோட் என்னும் கைப்பேசி இணையச் சேவையைத் தொடங்கியது. அந்நாளையக் கைப்பேசியில் தொடுதிரை இல்லை. எண் விசைகளே இருந்தன. பக்கத்தை வடிவமைப்போர் ஒவ்வோர் இணைப்பின் முன்னும் ஓர் எண்ணை இட்டு, அதே எண் விசையை அந்த இணைப்போடு பிணைத்தனர். பட்டியலில் மூன்றாவது விடை வேண்டுமானால் மூன்றாம் விசையை அழுத்தினால் போதும். இதற்கு வழிவகுத்த ‘அணுகு விசை’ என்னும் ஏற்பாடு, 1997இல் வெளிவந்த எச்டிஎம்எல் 4 தரத்திலேயே இடம்பெற்றிருந்தது.

எளிய ஏற்பாடுதான். ஆயினும் அதில் ஒரு பாடம் உண்டு. விசையையும் பட்டியலையும் ஒரே பொருளின் இரு பக்கங்களாக அன்றைய வடிவமைப்பாளர் கருதினர். விசைகள் பத்து என்றால் பட்டியலும் அதற்கேற்ப அளவாக இருந்தது. மேலும், எண்ணுக்கு மொழி வேற்றுமை இல்லை. மூன்றாம் விசை எந்த மொழியினருக்கும் மூன்றாம் விசையே.

2007இல் ஐபோன் வந்தபின் தொடுதிரை பரவியது. எண் விசைகள் மறைந்தன, விரலே விசையாயிற்று. பட்டியலின் ஒவ்வொரு வரியும் விரல் படும் பொத்தானாக மாறியது. அதனால் அளவு முதன்மை பெற்றது. தொடப்படும் இடம் 44 புள்ளிகளுக்குக் குறையக்கூடாது என்று ஆப்பிளும், 48 அலகுகள் வேண்டும் என்று கூகுளும் தத்தம் வழிகாட்டிகளில் கூறுகின்றன. விரலுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதை அளந்தார்கள். வாக்கியத்திற்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதைத் தமிழுக்காக அளந்தவர் மிகக் குறைவு.

இலக்கணம் கற்ற விசை

விசையின் கதை இதற்கு மாறானது. அதில் நம் வட்டாரத்திற்குப் பெரும் பங்குண்டு. 1997இல் சிங்கப்பூரில் நடைபெற்ற ‘தமிழ்நெட் 97’ மாநாட்டை முன்னின்று நடத்தியவர் இந்நாட்டு எழுத்தாளரும் கல்வியாளருமான நா. கோவிந்தசாமி. அதன் தொடர்ச்சியாக 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டின் பின்னர், ‘தமிழ்99’ விசைப்பலகையைத் தமிழ்நாட்டு அரசு தரமாக ஏற்றது. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘செல்லினம்’ 2005ஆம் ஆண்டு பொங்கல் நாளில் சிங்கப்பூரில் அறிமுகமாகி, கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப வழி திறந்தது. இன்று இருபெரும் கைப்பேசி இயங்குதளங்களிலும் தமிழ் விசைப்பலகை உடன் வருகிறது.

தமிழ்99 பலகையின் சிறப்பு எழுத்துகளை இடமறிந்து வைத்ததோடு முடியவில்லை. உயிர் இடக்கைக்கும் மெய் பெரும்பாலும் வலக்கைக்குமாகப் பிரிந்தன. மெய்யையும் உயிரையும் அடுத்தடுத்துத் தட்டினால் உயிர்மெய் பிறக்கிறது. ஒரே மெய் இருமுறை வந்தால் முதலாவது தானே புள்ளி பெறுகிறது. ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கு தட்டல்கள் போதும். ஙகரத்தை அடுத்துக் ககரம் வந்தால் ஙகரம் தானே புள்ளி பெற்று ‘ங்க’ ஆகிறது. ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற ஆகியவையும் அவ்வாறே. ‘தங்கம்’ என்னும் சொல்லில் ஙகரத்திற்கு நாம் புள்ளி வைக்க வேண்டியதில்லை.

இது என்ன? வல்லினத்தின் முன் அதன் இன மெல்லினம் நிற்கும் என்று நாம் கற்பிக்கும் மெய்ம்மயக்க விதியே குறுக்குவழியாக உருவெடுத்துள்ளது. குறுக்குவழி என்பது பொறியியலார் தம் விருப்பப்படி புனைவது என்றே பலர் எண்ணுகின்றனர். இங்கே அது மொழியின் இயல்பிலிருந்து பிறந்தது. விதிவிலக்குக்கும் வழியுண்டு: ‘மமதை’ என்று எழுதும்போது இரு மகரங்களுக்கிடையே அகரத்தைத் தட்டினால் புள்ளி விழாது. எழுத்திலக்கணம் அறிந்தவர் ஒருவர் வடிவமைப்பு மேசையில் அமர்ந்தால் எத்தகைய பயன் விளையும் என்பதற்கு இதுவே சான்று.

ஆயினும் உலாவிக்குள் நுழைந்தவுடன் விசையும் தடுமாறுகிறது. கைப்பேசியோடும் பலகைக் கணினியோடும் தனி விசைப்பலகையை இணைத்துப் படிக்கும் மாணவர்கள் உண்டு. சில இணையப் பக்கங்களில் சாய்கோட்டு விசையை அழுத்தினால் தேடல் பெட்டி திறக்கும். ‘ஜே’ விசை பட்டியலில் கீழேயும் ‘கே’ விசை மேலேயும் செலுத்தும். தமிழ்99 இயங்கும்போது அந்தச் சாய்கோட்டு விசை ‘ழ’ ஆகிறது. ‘ஜே’ பகரமாகவும் ‘கே’ மகரமாகவும் மாறுகின்றன. பக்கம் எழுத்தை மட்டும் கேட்டு இயங்குமாயின், நம் ழகரத்தை அது அறியாது, வாயில் திறவாது.

உலாவி இரு செய்திகளைத் தருகிறது: அழுத்தத்தால் பிறந்த எழுத்து எது என்பது ஒன்று, விசை பலகையில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது மற்றொன்று. இடத்தையும் கணக்கிற்கொண்டால் தமிழ்ப் பலகையிலும் குறுக்குவழி இயங்கும். ஓரெழுத்துக் குறுக்குவழிகளைப் பயனர் நிறுத்தவோ மாற்றியமைக்கவோ இயல வேண்டும், அல்லது அவை உரிய உறுப்பு தேர்வில் இருக்கும்போது மட்டுமே இயங்க வேண்டும் என்று 2018இல் வெளியான இணைய அணுக்கத்திறன் வழிகாட்டியும் கூறுகிறது. தொடுதிரைப் பலகையில் இத்தகைய குறுக்குவழிகளை நம்ப இயலாது. தட்டிய எழுத்து எது என்று பலவேளைகளில் பக்கத்திற்குத் தெரிவதே இல்லை. அங்கே உதவுவது நுழைவு விசையே. அதன் முகத்தில் வெறும் அம்புக்குறி இல்லாமல் தேடலுக்குரிய அடையாளம் தோன்றுமாறு செய்ய, ஒரு சிறு குறிப்பைப் பக்கத்தில் சேர்த்தால் போதும்.

தேடும் சொல்லும் தேடப்படும் சொல்லும்

விசைக்கும் பட்டியலுக்கும் இடையே நிற்பது தேடும் சொல். மாணவர் ‘மரம்’ என்று தட்டுகிறார். கட்டுரையிலோ மரத்தை, மரத்தின், மரங்கள் என்றே சொல் பயில்கிறது. மகர ஈறு கெட்டு அத்துச் சாரியை வருவதை நாம் அறிவோம். எழுத்தோடு எழுத்தை மட்டும் ஒப்பிடும் தேடல் பெட்டி அறியாது. வீடு வீட்டை ஆகிறது. ஆறு ஆற்றில் ஆகிறது. பெரிய தேடுபொறிகள் இவற்றை ஓரளவு சமாளிக்கின்றன. தனித்தளங்களின் உள்தேடல்களில் பலவும் ‘இல்லை’ என்று கைவிரித்துவிடுகின்றன.

எழுதும் முறையாலும் இடர் வருகிறது. ‘தமிழ்ப் பள்ளி’ என்று பிரித்தும், ‘தமிழ்ப்பள்ளி’ என்று சேர்த்தும், ஒற்று மிகாமல் ‘தமிழ்பள்ளி’ என்றும் எழுதுவோர் உளர். கணினிக்கு இவை மூன்றும் மூன்று தொடர்கள். இன்னொன்று கண்ணுக்கே புலப்படாதது. ‘ஔவையார்’ என்னும் பெயரின் முதலெழுத்து ஔகாரம். அதை ஒகரமும் ளகரமுமாகப் பிரித்துத் தட்டுவோர் பலர். திரையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். குறியீட்டில் இரண்டும் வேறு. ஒருவர் பிழையாகத் தட்டி ஏற்றிய பக்கத்தை, சரியாகத் தட்டித் தேடும் மாணவர் காணாமற்போகலாம். ஆகவே எழுத்துக் கூட்டலில் நாம் காட்டும் கண்டிப்பு மதிப்பெண்ணுக்காக மட்டும் அன்று. பிழையற எழுதப்பட்ட பக்கமே தேடுவோர் கைக்கு எட்டும்.

பட்டியல் கற்க வேண்டியவை

இனிப் பட்டியலுக்கு வருவோம். அது கற்க வேண்டிய பாடங்கள் நான்கு.

முதற்பாடம், எழுத்தை எண்ணுவது. ‘கொடுக்கக் கூடாது’ என்னும் தொடரில் நம் கண்ணுக்குத் தெரிவன எட்டு எழுத்துகள். ஒருங்குறியில் இடைவெளி நீங்கலாக அவை 15 குறியீடுகள். ஏனெனில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. தலைப்புக்கு இத்தனை குறியீடுகள் என்று வரம்பிடும் வடிவமைப்பு, தமிழுக்குரிய பங்கை அறியாமலேயே ஏறத்தாழப் பாதியாக்கிவிடுகிறது. குறியீட்டு எல்லையில் வெட்டினால் ‘டு’ என்பது ‘ட’ ஆகி எழுத்தே சிதையும். பயனர் காணும் எழுத்தின் எல்லை எது என்பதை ஒருங்குறித் தரம் வரையறுத்துள்ளது. அதைப் பின்பற்றினால் போதும்.

இரண்டாம் பாடம், வரிகளின் எண்ணிக்கை. ‘கண்டவர்களுக்கு’ என்னும் ஒரே சொல்லில் தமிழ் அடக்கும் பொருளுக்கு ஆங்கிலத்தில் நான்கைந்து சொற்கள் வேண்டும். நீண்ட சொற்கள் குறுகிய திரையில் விரைவில் மடங்குகின்றன. ஆகவே தமிழ்த் தலைப்புக்கு இரண்டு வரி, தேவையாயின் மூன்று வரி இடம் தரவேண்டும். வரிகளுக்கிடையே போதிய இடைவெளியும் வேண்டும். இல்லையேல் ஈகாரத்தின் மேற்சுழியும் ஊகாரத்தின் கீழ்வளைவும் ஒன்றோடொன்று மோதும்.

மூன்றாம் பாடம், வெட்டும் இடம். வெட்டியே ஆக வேண்டுமாயின் நடுவில் வெட்டுக. ‘டெங்கிக் காய்ச்சல்… ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது’ என்று இருந்தால் விவரம் குறையினும் பயன் நிலைக்கிறது. நீண்ட கோப்புப் பெயர்களை நடுவில் சுருக்கிக் காட்டும் வழக்கம் கணினியில் முன்னரே உண்டு. கோப்பின் வகையைச் சொல்லும் கடைசி எழுத்துகளைக் காக்கவே அது பிறந்தது. கோப்புக்குத் தந்த அந்தச் சலுகையைத் தமிழ் வாக்கியத்திற்கும் தரலாம்.

நான்காம் பாடம், தலைப்பின் கீழ் வரும் துணுக்கு. தேடிய சொல்லைச் சூழ்ந்த சில சொற்களை எடுத்துக் காட்டுவது இன்றைய வழக்கம். தமிழில் அத்துணுக்கு வாக்கியத்தின் முற்றுப்புள்ளி வரை செல்ல வேண்டும். தேடிய சொல் வாக்கியத்தின் முதலில் இருந்தாலும், விடை அதன் இறுதியில்தான் இருக்கும்.

இவற்றுக்கு ஒரு விலை உண்டு என்பதை நாம் மறைக்கவில்லை. வரிகள் கூடினால் ஒரு திரையில் தோன்றும் விடைகள் குறையும். எட்டு விடைகள் தெரிந்த இடத்தில் ஐந்தே தெரியலாம். எனினும் பாதி தெரியும் எட்டைவிட முழுதும் தெரியும் ஐந்தே மேல் என்பது நம் துணிபு.

வகுப்பறையில் செய்யக்கூடியவை

வடிவமைப்பு நம் கையில் இல்லையே என்று ஆசிரியர்கள் கருதலாம். ஆனால் பட்டியலில் தோன்றும் தலைப்புகளை எழுதுவோர் யார்? பள்ளி இணையத்தளத்திற்கும் மன்ற மலருக்கும் இயக்க அறிவிப்புக்கும் எழுதுவோர் நம் மாணவர்களே.

ஆகவே மூன்று பயிற்சிகளை முன்வைக்கிறோம். முதலாவது, தலைப்பெழுதும் பயிற்சி. ஒரு செய்தியைத் தந்து, கைப்பேசியின் ஒரு வரியில் பயனிலையோடு அடங்கும் தலைப்பை எழுதச் சொல்லலாம். ‘டெங்கிக்கு ஆஸ்பிரின் கூடாது’ என்றால் மூன்று சொற்களில் எல்லாம் முடிந்தது. சுருங்கச் சொல்லி விளங்க வைத்தல் என்று நாம் போற்றும் அழகு இங்கே உயிர்காக்கும் திறனாகிறது.

இரண்டாவது, தேடற்பயிற்சி. ஒரே பொருளை மரம், மரத்தை, மரங்கள் என்று மூன்று வடிவங்களில் தேடச் செய்து, வரும் பட்டியல்களை ஒப்பிடச் சொல்லலாம். சாரியையும் புணர்ச்சியும் தேர்வுத்தாளுக்கு வெளியேயும் வாழ்கின்றன என்பதை மாணவர் தம் விரலாலேயே உணர்வர். மூன்றாவது, திறந்து படிக்கும் ஒழுக்கம். வெட்டுப்பட்ட வரியை விடையாகக் கொள்ளாமல், பக்கத்தைத் திறந்து, எழுதியவர் யார் என்று பார்த்து, வாக்கியத்தை இறுதிவரை வாசித்தபின் முடிவு செய்யும் பழக்கம் வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு சொல். உங்களுள் சிலர் நாளை மென்பொருள் எழுதுவீர்கள். அப்போது தமிழ் எழுத்துருவைச் சேர்த்துவிட்டோம், பணி முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். திரையில் தமிழ் தோன்றுவது தொடக்கம் மட்டுமே. நீங்கள் வடிவமைக்கும் பட்டியலில் ‘கூடாது’ என்னும் சொல் தப்பிப் பிழைக்கிறதா என்று சோதித்துப் பாருங்கள். அச்சோதனைக்குப் பெரும் கருவி எதுவும் வேண்டா. ஒரு பழைய கைப்பேசியும், தமிழ் மட்டும் வாசிக்கும் மூத்தவர் ஒருவரும் போதும். அவர் கண்ணாடியை அணிந்துகொண்டு வரியைக் கடைசி வரை வாசித்து, ‘சரி, கொடுக்கக் கூடாது’ என்று சொல்லிவிட்டால் உங்கள் பட்டியல் தமிழ் கற்றுவிட்டது.

விசைக்கு இலக்கணம் கற்பித்தவர்கள் நமக்கு முன் வந்தவர்கள். பட்டியலுக்குக் கற்பிக்கும் பணி நம்முடையது.